வியாதிக்குப் பேர் வைத்தாச்சு... அப்புறம்?

"ஐயா, அம்மாவுக்குக் கை கால் விளங்கணும். நல்ல தைலமாப் பார்த்துக் கொடுங்க."

2022-ம் வருஷம், கார்த்திகை மாசம். என் க்ளினிக்கில் வந்து நின்றவர் ஒரு பேங்க் ஆபீஸர். அவருடைய அம்மாவுக்கு வயது 71. வலது பக்கம் பாரிச வாயு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் 12 நாள் வைத்திருந்து, ஆபத்து நீங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்த அழுத்தத்துக்கும், ரத்தம் உறையாமல் இருப்பதற்கும் மாத்திரைகள் ஓடிக்கொண்டிருந்தன. "அதில் ஒன்றைக்கூட நிறுத்தக் கூடாது. நான் கொடுப்பது மேலுக்கு மட்டும்தான்" என்று சொல்லித் தைலம் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். நாடி பார்த்தேன். கையை நீட்டி மடக்கிப் பார்த்தேன். மருமகள் பள்ளிக்கூட டீச்சர். லீவு போட்டுவிட்டு மாமியாரைக் கவனித்துக்கொண்டிருந்தார். "ஐயா, இடுப்புக்குக் கீழே ஒரு இடம் கன்னிப்போன மாதிரி இருக்கு" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த இடத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "தைலத்தைப் போட்டு நல்லாத் தேய்ச்சு விடும்மா. ரத்த ஓட்டம் வந்தாச் சரியாயிடும்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களை வீடு தேடி வந்து பார்க்கும் நர்ஸ். என் வயதில் பாதிகூட இருக்காது. வந்ததும் கையைக் கழுவினார், அம்மாளை ஒருக்களித்துத் திருப்பினார், கன்னிய இடத்தை விரலால் அழுத்தி எடுத்தார். சுற்றியுள்ள தோலைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், தப்பா நினைக்காதீங்க. இதைத் தேய்க்கக் கூடாது" என்றார்.

முப்பது வருஷ வைத்தியனுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

அந்த நோட்டில் இருந்தது

அவர் ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். 'பக்கவாதம்' என்ற வார்த்தையே அதில் இல்லை. இருந்தவை நான்கே வரிகள்:

"தானே புரள முடியாததால் முதுகின் கீழ் எலும்பு மேல் அழுத்தம். தோல் கன்றி, சூடாக இருக்கிறது.

விழுங்குவதில் சிரமம். கஞ்சி குடித்ததும் இருமல்; புரையேறும் அபாயம்.

தண்ணீர் குறைவு, அசைவு இல்லை. அதனால் மலச்சிக்கல், 6 நாளாக.

பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வில்லை. இரவுத் தூக்கம் 3 மணி நேரம்."

நர்ஸிங் படிக்கிறவர்கள் இதை 'நர்ஸிங் டயக்னோசிஸ்' என்கிறார்கள். நாம் செவிலியர் கணிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். டாக்டரின் கணிப்பு வியாதிக்குப் பேர் வைக்கிறது. செவிலியரின் கணிப்பு, அந்த வியாதி இந்த மனுஷியின் அன்றாடத்தில் எதையெல்லாம் கெடுத்து வைத்திருக்கிறது என்று பார்க்கிறது. ஒரே பக்கவாதம்தான். ஆனால் தனியாக இருக்கும் ஒரு தாத்தாவுக்கும், கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் ஒரு பாட்டிக்கும் இந்த நான்கு வரிகள் ஒன்றாக இருக்காது.

இது நேற்று வந்த விஷயம் இல்லை. 1973-ல் அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரில் நர்ஸுகள் கூடி, இந்தக் கணிப்புகளுக்கு ஒரே மாதிரிப் பேர் கொடுக்க ஒரு மாநாடு நடத்தினார்கள். அதே எழுபதுகளில், ஒமாஹா என்ற ஊரில் வீடு வீடாகப் போகும் நர்ஸுகளின் சங்கம் தங்கள் வேலைக்கென்றே ஒரு முறையை வகுக்கத் தொடங்கியது. அதில் 42 பிரச்னைகள். உடம்பு மட்டும் இல்லை. வீட்டின் வசதி, மனநிலை, பழக்கவழக்கம் எல்லாம் சேர்த்தி.

நம் பக்கமும் ஒன்றும் குறைச்சல் இல்லை. திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பாருங்கள். நோயாளி, வைத்தியர், மருந்து ஆகிய மூன்றோடு, பக்கத்தில் இருந்து கவனிப்பவரையும் வள்ளுவர் சேர்த்து எண்ணுகிறார். சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு எண்வகைத் தேர்வு பாடம் உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். அன்றைக்கு நான் நாடியோடு நிறுத்திக்கொண்டேன். ஸ்பரிசம், நிறம், மலம் மூன்றையும் அந்தப் பெண்தான் பார்த்தார்.

ஏன் தேய்க்கக் கூடாது?

படுக்கைப் புண்ணுக்குக் காரணம் அழுத்தம். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் தோலும் சதையும் மணிக்கணக்காக மாட்டிக்கொள்ளும்போது அங்கே ரத்தம் போவதில்லை. மேலே லேசாகச் சிவந்திருக்கும்போதே உள்ளே சதை பாதிக்கப்பட்டிருக்கலாம். அதைப் போட்டுத் தேய்த்தால் நொந்த சதை இன்னும் கிழியும். தைலம் கை கால்களுக்குப் போடலாம். கன்னிய இடத்துக்கு வேண்டாம்.

விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லை என்றால் அது புண்ணின் முதல் கட்டம். நம்மவர்களின் மாநிறம், கறுப்பு நிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அதனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். முதுகின் கீழ், இடுப்பு எலும்பு, குதிகால், கணுக்கால், தோள்பட்டை, பின்மண்டை எல்லாவற்றையும் தினமும் துடைத்துவிடும்போதே பார்த்துவிடலாம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஏர் பெட் வாங்கிப் போட்டாச்சு, இனிமேல் திருப்ப வேண்டாம் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். தப்பு. ஏர் பெட் உதவிதான், மாற்று இல்லை. திருப்பும்போது இழுக்காதீர்கள், உராய்ந்து தோல் வழன்றுவிடும். பழைய நூல் சேலையை நாலாக மடித்து அடியில் போட்டு வைத்து, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். விளங்காத கையைப் பிடித்து மட்டும் தூக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாமல் நிற்கும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வேண்டாம். அது சுற்றிலும் அழுத்தி ரத்தத்தைத் தடுக்கும்.

மற்ற மூன்று வரிகள்

சாப்பாடு விஷயத்தில் நர்ஸ் சொன்னது சுருக்கம்தான். நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் சற்றே தாழ்ந்திருக்க, சின்ன ஸ்பூனால் கொடுங்கள். ஒரு வாய் இறங்கியபின் அடுத்த வாய். முடிந்ததும் செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் மிச்சம் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்து, அரை மணி நேரம் சாய விடாதீர்கள். விழுங்கியபின் குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். எங்கள் வைத்தியத்தில் சூரணம் தருவது வழக்கம். விழுங்கச் சிரமப்படுகிறவர் வாயில் உலர்ந்த பொடியைப் போடுவது ஆபத்து. எந்தச் சித்த வைத்தியர் கொடுத்தாலும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மூன்றாவது வரியில்தான் ஆச்சரியம். "அத்தைக்கு வயிற்றோட்டமா இருக்கே, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரைகூட வாங்கி வெச்சிருக்கேன்" என்றார் மருமகள். நர்ஸ் கேட்டார்: "கடைசியா கெட்டியா எப்போ போனாங்க?" யோசித்துப் பார்த்தால் ஆறு நாள் ஆகியிருந்தது! உள்ளே மலம் இறுகி அடைத்திருக்க, தண்ணீர் மட்டும் பக்கவாட்டில் கசிந்துகொண்டிருந்தது. அந்த மாத்திரையைக் கொடுத்திருந்தால் அடைப்பு இன்னும் இறுகியிருக்கும். அடிக்கடி துணி மாற்ற வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைத்ததும் ஒரு காரணம். இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, கை ஓய்ந்து போய்ச் செய்வது.

அந்தக் கை ஓய்ச்சல்தான் நான்காவது வரி. "நீங்க ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கறீங்கக்கா?" என்று நர்ஸ் கேட்டதும் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு மாதத்தில் அவரிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அந்தப் பெண்தான். நானும் கேட்கவில்லை, புருஷனும் கேட்கவில்லை. பராமரிப்பவரின் களைப்பும் பட்டியலில் உள்ள ஒரு கணிப்பு. அதற்கும் திட்டம் போட வேண்டும். மத்தியானம் இரண்டு மணி நேரம் டீச்சர் கதவைச் சாத்திவிட்டுத் தூங்க வேண்டும், அந்த நேரம் மாமனார் காவல். மதுரையில் இருக்கும் நாத்தனார் மாதத்தில் ஒரு வாரம் வர வேண்டும். இப்படித்தான் நோட்டில் ஏறியது.

நீங்களும் எழுதலாம்

உங்கள் வீட்டில் படுக்கையில் ஒருவர் இருந்தால் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பிரச்னை என்ன, எதனால், எதைப் பார்த்துச் சொல்கிறோம் என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். 'எதனால்' என்பதுதான் முக்கியம். வேலை முழுக்க அதன் மேல்தான். அடுத்து, இலக்கு. 'புண் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதினால் அது ஆசை. 'வரும் வெள்ளிக்குள் கன்றல் மறைய வேண்டும்' என்றால் இலக்கு, வெள்ளிக்கிழமை பார்த்துச் சொல்லிவிடலாம் இல்லையா? யார், எத்தனை மணிக்கு, என்ன செய்வது என்பதையும் பேர் போட்டே எழுதுங்கள். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் மருமகள் மட்டும் பார்ப்பாள் என்று அர்த்தம்.

நாள் வந்ததும் மூன்று கேள்வி. இது ஒமாஹா நர்ஸுகளின் வழி, எனக்கு ரொம்பப் பிடித்தது: வீட்டில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரிகிறதா? தெரிந்தபடி நடக்கிறதா? நோயாளியின் நிலைமை எப்படி? மூன்றுக்கும் தனித்தனியே ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போடுவார்கள். தெரிவதில் ஐந்து வாங்கிச் செய்வதில் இரண்டு வாங்கும் வீடுகள்தான் அதிகம்.

இந்த நோட்டு டாக்டருக்குப் பதில் ஆகாது. தோல் உரிந்தால், கறுத்தால், வாடையோ சீழோ வந்தால், புரையேறியபின் காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால், வயிறு உப்பி வாந்தி எடுத்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். புதிதாக வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ உடனே 108. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் பார்க்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். அது ஏழை ஜனங்களுக்கு மட்டும் என்று கூச்சப்பட்டு ஒதுங்கியிருக்கும் நடுத்தர வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கூச்சம் வேண்டாம்.

அந்த வீட்டுக் கதைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை வந்தது. கன்றல் பாதிதான் குறைந்திருந்தது. நர்ஸ் நோட்டைப் புரட்டினார். பகலில் இரண்டு மணிக்கு ஒரு தடவை டிக் அடித்திருந்தது. இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஒன்றுமில்லை. ஏழு மணி நேரம் மல்லாந்தபடியே! யாரையும் அவர் திட்டவில்லை. "ராத்திரிக்குத் திட்டம் போட விட்டுட்டோம்" என்றார். 12 மணியும் 2 மணியும் மகன் பொறுப்பு, 4 மணி மருமகள் என்று எழுதினார். அடுத்த வெள்ளிக்குள் தோல் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. பொங்கலுக்கு அப்புறம் டீச்சர் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தார். அம்மாளுக்கு வலது கை முழுக்கத் திரும்பவில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் தானே சாப்பிடுகிறார்.

பின்னொரு நாள் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். 'இரவு 2 மணி' என்ற கட்டத்தில் பேங்க் ஆபீஸரின் டிக் வரிசையாக இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு நாள் மட்டும் டிக் இல்லை. பக்கத்தில் சின்ன எழுத்தில், 'தூங்கிட்டேன்' என்று எழுதியிருந்தார்.