ஏரிக்கரைப் பூங்கா

அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரில், வாஷிங்டன் ஏரிக்கரையில் மாக்னுசன் பூங்கா அமைந்துள்ளது. ஒருநாள் காலை அங்குச் சென்றேன். இன்று மக்கள் உலவும் அவ்விடம் முன்னாளில் படை விமானத்தளமாக இருந்தது. 1924 ஏப்ரல் 6 அன்று, உலகை வலம்வர நான்கு விமானங்கள் இங்கிருந்து புறப்பட்டன. அவற்றுள் இரண்டே வலத்தை முற்றும் முடித்துச் செப்டம்பர் 28 அன்று மீண்டன. வான்வழியே உலகை முதன்முதலில் சுற்றியவை அவையே. பின்னர்க் கடற்படை ஆண்ட அத்தளத்தில் விமான இயக்கம் 1970இல் நிறுத்தப்பட்டது.

கரையருகே, திமிங்கிலக் கூட்டமொன்று புல்வெளியில் நீந்துவதுபோல் 22 துடுப்புகள் நிலத்தினின்று எழுந்து நின்றன. தொட்டுப் பார்த்தேன், எஃகு! ஒரு காலத்தில் போருக்கெனக் கடலடியில் திரிந்த நீர்மூழ்கிக் கப்பல்களின் உறுப்புகள் அவை. சிற்பி ஜான் யங் 1998இல் அவற்றை அங்கு நாட்டினார். ஒன்றன் நிழலில் சிறுமியொருத்தி அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தாள். அச்சம் விளைக்கப் பிறந்த எஃகு, அன்று அவளுக்கு நிழல் தந்தது. கருவியின் இயல்பு அதனை ஆளும் மனத்தைப் பொறுத்ததன்றோ!