தள்ளாடும் சிறுகோள்

புவியில் ஞாயிறு கிழக்கே எழுகிறது. மறுநாளும் அவ்வாறே எழுகிறது. இந்த ஒழுங்கைக் கொண்டே மாந்தர் நாளையும் திசையையும் வகுத்தனர். டூட்டாட்டிஸ் என்னும் சிறுகோளில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. ஏறத்தாழ நான்கரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாறை, தன் நெடிய அச்சைப் பற்றி ஒருமுறை உருள்வதற்கு 5.4 நாள் ஆகிறது. அந்த அச்சும் அசையாமல் நிற்பதில்லை. வெளியில் கூம்பு ஒன்றை வரைவதுபோல 7.4 நாளுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. இரண்டு அசைவுகளும் இசைந்து வராமையால், ஒருகால் நின்ற நிலையில் அது மீண்டும் அப்படியே நிற்பதில்லை. இன்று ஞாயிறு எழுந்த இடத்தை அங்கே குறித்து வைப்பதால் பயனில்லை.

பெரும்பாலான சிறுகோள்கள் சில மணி நேரத்திற்கு ஒருமுறை, ஒரே அச்சில் சீராகச் சுழல்வன. மோதலால் தடுமாறிய சிறுகோளும் காலப்போக்கில் சீரடையும். தடுமாற்றத்தில் அதன் உட்பகுதி சிறிதே நெளிய, அந்நெளிவில் ஆற்றல் வெப்பமாகக் கழியும். சுழற்சி மெதுவாயின் நெளிவும் குறையும். ஆதலால் டூட்டாட்டிஸின் தள்ளாட்டம் எளிதில் அடங்குவதன்று.

இதன் பாதையும் எளியதன்று. 1934இல் ஒருமுறை தென்பட்டு, போதிய அளவீடுகள் இன்மையால் தொலைந்துபோன இச்சிறுகோளை, 1989 சனவரி 4 அன்று பிரான்சு நாட்டின் கிறிஸ்டியன் போலா மீண்டும் கண்டறிந்தார். கெல்ட்டியத் தெய்வம் ஒன்றின் பெயர் இதற்கு இடப்பட்டது. ஆஸ்டெரிக்ஸ் படக்கதை மாந்தர் அத்தெய்வத்தின் பேரில் ஆணையிடுவர். வானம் தலைமேல் விழுந்துவிடுமோ என்பதே அவர்களுடைய ஒரே அச்சம். பெயரிட்டோர் நகைச்சுவை உணர்வு மிக்கவர்கள்!

ஞாயிற்றைச் சுற்றிவர இதற்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அண்மைநிலையில் புவியின் பாதைக்குச் சற்று உள்ளே வருகிறது. சேய்மைநிலையில் வியாழனின் பாதையை நோக்கி 60 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் செல்கிறது. புவியின் பாதைத் தளத்திற்கு இதன் சாய்வு அரைப் பாகையினும் குறைவு. 2004 செப்டம்பர் 29 அன்று நிலவின் தொலைவைப்போல் நான்கு மடங்குத் தொலைவில் புவியைக் கடந்தது. புவியும் வியாழனும் தம் ஈர்ப்பால் இதன் பாதையை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. கணக்கில் நேரும் சிறு பிழையும் ஒவ்வொரு நெருக்கத்திலும் பெருகும். அடுத்த சில நூற்றாண்டுகளில் மோதல் இல்லை என உறுதியாகக் கூற முடிகிறது. மிகத் தொலைவான காலத்திற்கு அவ்வாறு கணித்துக் கூற இயலாது.

அதனால்தான் இது நெருங்கி வந்தபோதெல்லாம் அறிவியலாளர் அளந்து வைத்தனர். 1992இல் கோல்ட்ஸ்டோன், அரெசிபோ நிலையங்களின் ரேடார் அலைகள் இதன் வடிவத்தைக் காட்டின. நிலவாய்வுக்கென ஏவப்பட்ட சீனாவின் சாங்'இ 2 விண்கலம், 2012 டிசம்பர் 13 அன்று சில கிலோமீட்டர் தொலைவில் இதைக் கடந்து படமெடுத்தது. நிலக்கடலைபோல இரு பகுதிகள் ஒட்டிய உருவம் அப்படங்களில் தெரிந்தது. 2069 நவம்பரில் இது மீண்டும் புவிக்கு ஏறத்தாழ 30 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் வரும். இன்று பதினோராம் வகுப்பில் பயில்வோர் அப்போது அறுபதை ஒட்டிய அகவையினராய் இருப்பர்.