கத்தரித் தாண்டல் போதும்



தம்பி, ஒலிம்பிக்கில் எல்லோரும் மல்லாந்துதானே உயரம் தாண்டுகிறார்கள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அதையே பழக்கினால் என்ன என்று கேட்டிருந்தாய். கூடாது. பெரியவர்களின் முறையை அளவில் குறைத்துக் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பொருந்திவிடும் என்ற எண்ணம் நம் பள்ளிகளில் ஆழமாக ஊன்றிக் கிடக்கிறது. அதனால்தான் நீட்டி எழுதுகிறேன்.

மல்லாந்து தாண்டும் முறைக்குப் பெயர் தந்தவர் டிக் ஃபாஸ்பரி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மெட்ஃபோர்டு என்னும் ஊரில் படித்தவர். சிறுவனாக அவர் தாண்டியது கத்தரி முறையில்: பக்கவாட்டில் ஓடிவந்து, கம்புக்கு அருகிலுள்ள காலை வீசி, மறுகாலை அதன் பின்னே இழுத்து, காலூன்றி இறங்குவது. உயர்நிலைப் பள்ளியில் வயிறு கம்பைப் பார்க்க உருண்டு தாண்டச் சொன்னார்கள். அன்று அதுதான் மேலான முறை. அவருக்கு அது படியவே இல்லை. 1963இல் ஒரு போட்டியில் பழைய கத்தரிக்கே திரும்பினார். கம்பு உயர உயர, இடுப்பைத் தூக்குவதற்காக உடலைப் பின்னால் சாய்த்தார். அந்தச் சாய்வு வளர்ந்துதான் மல்லாந்த தாண்டலாயிற்று. 1968இல் மெக்சிகோ நகர் ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அப்போதும் உருளல் முறை ஒழிந்துவிடவில்லை. 1972இல் மியூனிக்கில் தங்கம் வென்ற யூரி தார்மாக் அந்த முறையில்தான் தாண்டினார்.

மல்லாந்த தாண்டலுக்குத் தாய் கத்தரித் தாண்டல் என்பதை மறந்துவிடாதே. ஒற்றைக் காலில் உந்தி எழுவதும் கடைசி மூன்று அடிகளின் தாளமும் கத்தரியிலேயே படிந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளை கம்பை நெருங்கியதும் வேகத்தைக் குறைக்கும். அதற்குக் காரணம் கம்பின் மீதுள்ள பயம். கம்பை எடுத்துவிட்டு ரப்பர் கயிறு கட்டு. மணல்குழியில் மல்லாந்து விழவிடுவதோ கழுத்தோடு விளையாடும் வேலை. தடித்த மெத்தை இல்லாத பள்ளியில் அதை நினைத்தும் பார்க்காதே.

தாண்டலோடு ஓட்டம், எறிதல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓட்டத்துக்கு அதிகம் பேசத் தேவையில்லை. கையை இப்படி வை, முழங்காலைத் தூக்கு என்று கத்தினால் பிள்ளை விறைத்துப்போகும். தரையில் குச்சிகளை இடைவெளிவிட்டுப் பரப்பி, மிதிக்காமல் ஓடச் சொல்; முழங்கால் தானே எழும்.

எறிதல் அப்படியல்ல. வயதானால் தானாக வரும் என்று சொல்லும் வாத்தியார்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. வராது. வலக்கையால் எறியும்போது வலக்காலையே முன்வைக்கும் பழக்கத்தோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பெண்கள் அதிகம் என்றால், சிறு வயதில் அவர்கள் கையில் யாரும் பந்து கொடுக்கவில்லை என்பதே காரணம். நீரஜ் சோப்ரா டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈட்டியை 87.58 மீட்டர் எறிந்தபோது முன்னே ஊன்றியது இடக்காலை. பிள்ளையைப் பக்கவாட்டில் நிறுத்தி, எதிர்க்காலை எடுத்துவைத்து, முழு பலத்தோடு தூரமாக எறியச் சொல். ஆரம்பத்தில் குறி வைக்கச் சொல்லாதே. குறி பார்க்கும் பிள்ளை உடலைத் திருப்பாமல் முன்கையால் மட்டும் தள்ளும்.

உலகத் தடகள அமைப்பின் சிறார் திட்டத்தில் தவளைத் தாவல் உண்டு. ஒரு பிள்ளை இறங்கிய இடத்திலிருந்து அடுத்த பிள்ளை தாவும். குழு கடந்த மொத்தத் தூரமே கணக்கு. மெதுவான பிள்ளைக்கும் அதில் பங்கு இருப்பதால் உன் வகுப்புக்கு நன்றாகப் பொருந்தும்.

விளையாட்டு விழாவுக்கு முந்தைய வாரம்வரை காத்திருக்காதே. இந்த வாரமே பழைய டென்னிஸ் பந்துகளைச் சேர்த்துக்கொண்டு மைதானத்துக்குப் போ. முதலில் பெண் பிள்ளைகளை எறியவிடு.