சீமைக் கருவேலங்காயை அரைத்தே கொடுக்க வேண்டும்

கோட்டைப்பட்டினம், மீமிசல் பகுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடப்பது விவசாயிகள் அறிந்ததே. கிழக்கு ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில், நகுரு நகரிலிருந்து வடக்கே பரிங்கோ ஏரிப் பகுதிக்குப் பணி நிமித்தம் சாலை வழியே செல்லும் வேளாண் அலுவலர்களும் மரிகாட் ஊரை நெருங்கியதும் இதே மரத்தைக் காண்கின்றனர். அங்கு அதன் பெயர் 'மாதெங்கே'.

விறகுக்காக 1980களில் நடப்பட்ட இம்மரம் மேய்ச்சல் நிலத்தை ஆக்கிரமித்துக் கொண்டது. இனிப்பான காயைத் தொடர்ந்து தின்ற ஆடுகள் பற்களை இழந்தன. 2006-இல் மக்கள் தொடுத்த வழக்கில், பல் விழுந்த ஆடு ஒன்றை நீதிமன்றத்துக்கே கொண்டு வந்து காட்டினர்.

முழுக் காயைத் தின்னும் கால்நடைகளின் வயிற்றில் விதை செரிப்பதில்லை. சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து, போன இடமெல்லாம் முளைக்கிறது. ஆகவே காயை அரைத்துத் தீவனமாக்கும் முறை அங்கு கற்றுத் தரப்பட்டது. அம்முறை நமக்கும் ஏற்றது.

1. பழுத்து உதிர்ந்த காய்களைப் பொறுக்கி, ஒடித்தால் முறியும்வரை வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

2. விதையும் உடையுமாறு தீவன அரைவை இயந்திரத்தில் அரைக்க வேண்டும்.

3. 10 கிலோ கலப்புத் தீவனத்தில் இம்மாவு 2 கிலோவுக்கு மேற்படக் கூடாது. சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

4. காய் உதிரும் பருவத்தில் மரத்தடியில் ஆடுகளை மேயவிடக் கூடாது.

5. தரைமட்டத்தில் வெட்டிய மரம் மீண்டும் துளிர்க்கும். வேரோடு தோண்டி எடுக்க வேண்டும்.

இவ்வாறு செய்தால் தீவனச் செலவு குறையும்; வயலோரத்தில் புதுக் கன்றுகள் முளைப்பதும் குறையும்.