கப்பலுக்குப் போகும் டாக்டருக்கு

அன்புள்ள தம்பி,

மயாமியில் கப்பல் ஏறப்போகிறாய். அவசர சிகிச்சைப் பிரிவில் இரவும் பகலும் நின்றவன் நீ. வைத்தியத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கரையில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள். கடலிலோ, ஒரு நோயாளிக்காக நாலாயிரம் பேர் குடியிருக்கும் ஊரையே திருப்ப வேண்டி வரலாம். அதில் உன் பங்கு எது, எது இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் கையிருப்பைப் பார். அமெரிக்க அவசர மருத்துவர்கள் சங்கம் கப்பல்களுக்கென்று வகுத்த வழிகாட்டுதலைப் பெரிய கம்பெனிகள் பின்பற்றுகின்றன. ஈசிஜி, டிஃபிப்ரிலேட்டர், வென்டிலேட்டர், எக்ஸ்-ரே, ரத்தப் பரிசோதனைக் கருவி எல்லாம் இருக்கும். இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேப் இருக்காது. சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் இருக்காது. ரத்தம் தேவைப்பட்டால் பயணிகளிலும் ஊழியர்களிலும் கொடையாளர் தேட வேண்டியதுதான்.

இதனால் நோய்களின் அவசரமே இடம் மாறிப்போகும். மாரடைப்பு என்றால், ஈசிஜியைப் பார்த்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கப்பலிலேயே கொடுக்கலாம். பக்கவாதம் அப்படியல்ல. மூளையில் அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் இல்லாமல் தெரியாது. தெரியாமல் அந்த மருந்தைத் தொடக் கூடாது. அதற்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். நடுக்கடலில் பல நேரம் அதற்குள் கரை எட்டாது. எட்டாவிட்டாலும் நல்ல ஆஸ்பத்திரி வேண்டும்தான். ஆனால் அப்போது நீ கேப்டனிடம் சொல்லும் அவசரம் வேறு.

கேப்டன் போனில் கேட்கும்போது "ரொம்ப சீரியஸ் சார்" என்று மட்டும் சொல்லிவிடாதே. அதை வைத்து அவர் ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை மணி நேரம் உன்னால் தாக்குப்பிடிக்க வைக்க முடியும், எந்த வசதியுள்ள ஆஸ்பத்திரி வேண்டும், ஹெலிகாப்டரில் தூக்கினால் நோயாளி தாங்குவாரா: இந்த மூன்றும் வேண்டும் அவருக்கு. பக்கத்தில் இருக்கிறது என்பதாலேயே ஒரு துறைமுகம் உதவிவிடாது. மூன்று மணி நேரத்தில் எட்டும் சின்னத் தீவில் இதய சிகிச்சைப் பிரிவே இல்லாமல் இருக்கலாம். எட்டு மணி நேரம் ஓடி ஃப்ளோரிடா சேர்வது அந்த நோயாளிக்கு நல்லதாக இருக்கலாம். எந்தத் துறைமுகத்தில் என்ன வசதி இருக்கிறது என்று அங்கங்கே உள்ள ஏஜென்டிடம் முன்கூட்டியே கேட்டு வை.

ஹெலிகாப்டர் என்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஜேஹாக் ஹெலிகாப்டர் சுமார் 300 கடல் மைல் போய், முக்கால் மணி நேரம் மேலே நின்று, திரும்ப வல்லது. அந்த எல்லைக்குள் வரக் கப்பலே கரையை நோக்கி ஓட வேண்டியிருக்கும். அவர்களுடைய மருத்துவர் உன்னிடம் பேசுவார். இரவில், காற்றில், கம்பியில் தொங்கவிட்டுத் தூக்குவது நோயாளிக்கும் மீட்பவருக்கும் ஆபத்து. கப்பலில் கிடப்பதைவிட அது மேலா என்று அவர் கேட்டால், நேர்மையாகப் பதில் சொல்.

எரிபொருள், தவறிப்போகும் துறைமுகம், கம்பெனியின் முணுமுணுப்பு எல்லாம் உன் காதில் விழும். அவை உன் கணக்கில் சேரக் கூடாது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்காகக் கேப்டன் எடுக்கும் முடிவை உரிமையாளரோ கம்பெனியோ தடுக்கக் கூடாது என்று சோலாஸ் என்ற சர்வதேச உடன்படிக்கை சொல்கிறது. திசையை முடிவு செய்பவர் அவர். நீ மணிக்கணக்கைச் சொல். அதைக் கூட்டியும் சொல்லாதே, குறைத்தும் சொல்லாதே.

பயணத் திட்டம் மாறினால் பயணிகள் கொதிப்பார்கள். டிக்கெட் ஒப்பந்தம் துறைமுகத்தை விட்டுவிடக் கேப்டனுக்கு இடம் தருகிறது. பொதுவாக அவர்களுக்குத் திரும்பக் கிடைப்பது துறைமுக வரியும், கப்பல் மூலம் பதிவு செய்த சுற்றுலாக் கட்டணமும்தான். வெளியே தாங்களே பதிவு செய்தது அவர்கள் நஷ்டம். "யாரால் இது?" என்று லிஃப்டில் உன்னைப் பிடித்துக் கேட்பார்கள். பெயரும் கேபின் எண்ணும் உன் வாயிலிருந்து வரக் கூடாது.

எனக்கு இன்றும் உறுத்துவது கப்பல் கிளம்பிய பிறகு நடப்பது. நோயாளியை இறக்கிவிட்டு நாம் போய்விடுகிறோம். மனைவியோ கணவனோ அரை மணி நேரத்தில் பெட்டி கட்டி, மொழி தெரியாத தீவில் நிற்கிறார். கப்பல் வைத்தியத்துக்கே கணிசமான பில். அமெரிக்க முதியவர்களின் மெடிக்கேர், கப்பல் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருந்தால் பணம் தராது. பாஸ்போர்ட், மாத்திரைகள், மூக்குக் கண்ணாடி, போன் சார்ஜர், நீ எழுதிய சிகிச்சைக் குறிப்பு, இன்ஷூரன்ஸ் எண் எல்லாம் கையில் இருக்கிறதா என்று நர்ஸை அனுப்பிப் பார்க்கச் சொல். இது உன் வேலைப் பட்டியலில் இருக்காது. இருந்தாலும் செய்.

ஒவ்வொரு முடிவையும் நேரத்தோடு எழுதி வை. 2014-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, கப்பல் டாக்டரின் தவறுக்காகக் கம்பெனி மீதும் வழக்குத் தொடுக்கலாம் என்று வழி திறந்துவிட்டது. வழக்குக்குப் பயந்து எழுதச் சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்கு நினைத்தது காலையில் உனக்கே மறந்துவிடும்.

கடைசியாக ஊழியர்கள். 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி அவர்களுக்கு வைத்தியம் இலவசம். ஆனாலும் ஒப்பந்தம் போய்விடும் என்று நெஞ்சுவலியை மறைத்து அறைகளைச் சுத்தம் செய்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவும் கேப்டனுக்குப் போன் செய்யத் தயங்காதே, தம்பி.

அன்புடன்,
உன் அண்ணன்