முன்றிலும் மன்றமும் போன பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

உன் பேச்சுப்போட்டி உரையைப் படித்தேன். நடை நன்றாக வந்திருக்கிறது. ஆனால் செல்போன் கோபுரம்தான் சிட்டுக்குருவியை அழித்தது என்று நீயுமா எழுத வேண்டும்? 2018இல் ‘2.0’ படம் வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் இதையேதான் சொல்கிறார்கள். கோபுரம் கிராமத்திலும் நிற்கிறது. அங்கே குருவியும் இருக்கிறது. லண்டன் கென்சிங்டன் தோட்டத்தில் மாக்ஸ் நிக்கல்சன் 1925இல் எண்ணியபோது 2603 குருவிகள். 1948இல் அதே இடத்தில் 885. அந்தக் காலத்தில் எந்தக் கோபுரம் இருந்தது? குதிரைவண்டி போய் மோட்டார் வந்தது. குதிரைத் தீனியில் சிந்திய தானியமும் சாணமும் தெருவை விட்டுப் போயின. குருவியின் சாப்பாடு போயிற்று.

நம்மிடமே இதற்குச் சாட்சி உண்டு. குறுந்தொகையில் மாமலாடன் பாட்டு, 46ஆம் பாடல். திணை, துறை என்று மதிப்பெண்ணுக்குப் படித்ததோடு நீ விட்டிருப்பாய். எடுத்து மறுபடி படி. உ.வே.சா.வின் 1937 பதிப்பை வைத்துக்கொண்டு இந்த ஒரு பாட்டிலேயே பல இரவுகள் நான் தங்கியிருக்கிறேன். குருவி முன்றிலில், அதாவது முற்றத்தில், காயும் தானியத்தைத் தின்கிறது. மன்றத்தில், அதாவது ஊர்ப் பொதுவிடத்தில், எருப்பொடியைக் குடைந்து ஆடுகிறது. இறவாணத்தில் குஞ்சோடு தங்குகிறது. ஒரு குருவிக்கு வேண்டியதில் பெரும்பகுதி இதில் அடங்கிவிட்டது. பூச்சியை மட்டும் பாட்டு சொல்லவில்லை. எரு கிடந்த இடத்தில் புழு பூச்சிக்குப் பஞ்சம் இருந்திராது என்பது நான் சேர்ப்பது. பொரித்த புதிதில் குஞ்சுக்குத் தானியம் ஆகாது, புழு பூச்சிதான் ஊட்ட வேண்டும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இதைச் சொல்பவள் யார்? ஊரைவிட்டுப் போனவனை நினைத்திருப்பவள். அவன் போன நாட்டில் இந்தக் குருவியும் மாலைப்பொழுதும் தனிமையும் இல்லையா என்று கேட்கிறாள். இடம்பெயர்ந்தவனையும் வீட்டுக் குருவியையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று அரிசி கல் நீக்கிப் பையில் வருகிறது. முறத்தில் புடைப்பார் இல்லை, முற்றமும் இல்லை. ஓட்டு வீட்டை இடித்து அடுக்ககம் எழுப்பினால் புறாவுக்குக் கவலையில்லை. அது பாறை விளிம்பில் வாழ்ந்த இனம், ஏசி பெட்டியின் மேல்பக்கமே அதற்குப் போதும். குருவிக்குப் பொந்து வேண்டும். குஞ்சு வளர்க்கும்போது சில நூறு மீட்டருக்குள் இரையும் கிடைக்க வேண்டும்.

கூடும் இரையும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மனிதருக்கும் பொருந்தும். சென்னையில் கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய் விடப்பட்டவர்களிடம் பேசிப் பார். நடந்துபோய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குத் திரும்பி வந்த அம்மாக்கள் அவர்கள். இப்போது அதே வேலைக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். கூரை கான்கிரீட்டில் கிடைத்தது. அன்றாடம் கிடைக்கவில்லை. இதை வளர்ச்சி என்று எவரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

மரப்பெட்டி மாட்டுங்கள் என்று உரையை முடித்திருக்கிறாய். மாட்டு, தப்பில்லை. அதற்கு முன் உன் தெருவில் பூச்சிமருந்து அடிக்காத செம்பருத்தி வேலியோ முருங்கையோ இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் முதலில் அதை நட்டு வளர், பெட்டி பிறகு.