டிரையத்லான் பழகும் வடசென்னைப் பெண்களுக்கு: சைக்கிள் சீட் பற்றிச் சில அறிவுரைகள்

ராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் டிரையத்லான் பழக வரும் பெண்கள் நீச்சலைப் பற்றிக் கேட்பார்கள், ஓட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள். சைக்கிளில் உட்கார்ந்தால் எங்கே வலிக்கிறது என்பதை மட்டும், பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அதையும் சொல்லாமல் பழகுவதையே விட்டுவிட்டவர்கள் உண்டு. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

1. எந்த வலி போகும், எந்த வலி போகாது என்று முதலில் தெரிந்துகொள். புதிதாக ஓட்டுகிறவளுக்குப் பிட்டத்தின் அடியில் இருக்கும் இரண்டு எலும்புகளும் முதல் சில வாரம் நோகும். ஓட்ட ஓட்ட அது அடங்கிவிடும். பிறப்புறுப்பு மரத்துப்போவது, வீங்குவது, எரிவது, தோல் உரிவது இவை பழகினால் சரியாகிற வலிகள் அல்ல. "பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டு, மரத்துப் பழகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதே. ஹன்னா டைன்ஸ் என்ற பிரிட்டிஷ் மாற்றுத்திறனாளி சைக்கிள் வீராங்கனை, பல ஆண்டு சீட் அழுத்தத்தால் வந்த வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டி வந்ததை 2019-இல் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். ரியோ ஒலிம்பிக்குக்கு முன்பு பிரிட்டிஷ் அணியின் மருத்துவக் குழு தங்கள் வீராங்கனைகளின் சீட் புண்களை உட்கார்ந்து ஆராய்ந்தது. சீட்டின் மூக்கைக் கூடுதலாகத் தாழ்த்திக்கொள்ள உலக சைக்கிள் சங்கத்திடம் வாதாடி விதியையே தளர்த்த வைத்தது. பதக்கம் வாங்குகிறவர்களே இதைப் பேசித் தீர்க்கும்போது உனக்கும் எனக்கும் என்ன கூச்சம்?

2. நிமிர்ந்து உட்காரும் சீட் வேறு, குனிந்து ஓட்டும் சீட் வேறு. பள்ளியில் வாங்கிய அரசு இலவச சைக்கிளில்தான் நம்மில் பலர் பழகினோம். 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய அந்தத் திட்டம் பிறகு எல்லோருக்கும் விரிந்தது. அந்த சைக்கிளின் அகலமான சீட் நிமிர்ந்து ஓட்டுவதற்குச் சரியானது. உடம்பின் பாரம் முழுக்கப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு எலும்புகளில் இறங்கும். டிரையத்லான் சைக்கிளில் முன்கைகளை ஏரோ பாரில் ஊன்றிக் குனியும்போது இடுப்பெலும்பே முன்னால் உருண்டுவிடுகிறது. சாதாரண ரோடு பைக்கில் சீட் பைப்பின் சாய்வு சுமார் 73 டிகிரி, டிரையத்லான் பைக்கில் 76 முதல் 80 வரை. அதனால் பாரம் பின் எலும்பை விட்டு, இடுப்பெலும்பின் முன்கிளைகளுக்கும் அவற்றுக்கு நடுவே உள்ள மென்தசைக்கும் வந்துவிடுகிறது. நீளமூக்கு சீட் அழுத்துவது சரியாக அந்த இடத்தைத்தான். இந்த ஒன்று புரிந்துவிட்டால் கடைக்காரர் சொல்வதில் எது சரி, எது தப்பு என்று நீயே பிரித்துக்கொள்வாய்.

3. அளவு தெரியாமல் வாங்காதே. ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, உள்ளே நெளிநெளியாக இருக்கும் அந்த அட்டையைக் கல்படியின் மேல் போட்டு, மெல்லிய துணியோடு உட்கார். பாதத்தைச் சற்று உயர்த்தி முன்னால் குனிந்து ஒரு நிமிடம் இரு. எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளம் தெரியும். ஒன்றின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவுக்கு அளந்துகொள். சராசரியாகப் பெண்களுக்கு இந்த இடைவெளி ஆண்களைவிட அதிகம், ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். பெரிய உடம்புக்கு அகல எலும்பு என்றும், ஒல்லி என்றால் குறுகல் என்றும் கணக்கு இல்லை. ரோடு பைக்குக்கு இந்த அளவோடு சுமார் 2 செ.மீ. சேர்த்து, 143, 155, 168 மி.மீ. என்று வரும் சீட்களில் கிட்டத்தில் உள்ளதை எடுக்கலாம். டிரையத்லானுக்கு இந்த அளவு பாதி உதவிதான். குனிந்த நிலையில் நீ உட்காருவது சீட்டின் முன்பாதியில். அங்கே எவ்வளவு அகலம், தொடையில் இடிக்கிறதா என்பதுதான் முக்கியம்.

4. மெத்தென்ற சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்து மயங்காதே. பஞ்சு மெத்தையில் இரண்டு முழங்காலையும் ஊன்றினால் நடுவில் பஞ்சு புடைத்து மேலே வருமே, ஜெல் சீட்டிலும் அதுதான் நடக்கிறது. எலும்பு அமிழ்ந்துவிடும், மென்தசையின் மேல் ஜெல் ஏறி அழுத்தும். அரை மணி சுகம், அதற்குப் பிறகு மரத்துப்போகும். ஜெல் உறை வாங்கி மேலே மாட்டுவதும் அப்படித்தான்.

5. டிரையத்லானுக்கென்று வரும் சீட்களில் மூக்கு குட்டையாக இருக்கும், அல்லது நடுவில் பிளந்து இரண்டு கொம்பாக நிற்கும். ஐஎஸ்எம் என்ற அமெரிக்க நிறுவனம் இந்தப் பிளந்த மூக்கால் பேர் வாங்கியது. ஸ்பெஷலைஸ்ட், ஃபிஸிக், செல்லே இத்தாலியா, காப் என்று மற்றவர்களும் செய்கிறார்கள். சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களுக்கு மூக்கில்லாத சீட் நல்லது என்று அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் 2009-இல் பரிந்துரைத்தது. அது பெரும்பாலும் ஆண்களை வைத்துச் சொன்னது. ஆனாலும் மூக்கின் அழுத்தம்தான் சிக்கல் என்பது பெண்களுக்கும் பொருந்தும்.

பிளந்த மூக்கு சீட்டில் வழக்கம்போலப் பின்னால் தள்ளி உட்கார்ந்து "தொடை உரசுகிறது" என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அதில் முன்கொம்புகளின் மேல் எலும்பு படும்படி உட்கார வேண்டும். சீட்டையும் பழைய இடத்தைவிடச் சில செ.மீ. பின்னால் தள்ளிப் பொருத்த வேண்டும். அதற்குப் பிறகும் தொடையில் இடித்தால் கொம்பு உனக்கு அகலம். அடுத்த குறுகலான மாடலைப் பார். "லேடீஸ்" என்று எழுதியிருப்பதை நம்பி மட்டும் எடுக்காதே. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தால் சைக்கிள் பழகிய பெண்களில் சிலர், முன்னால் பிள்ளையை உட்கார வைக்கக் குறுக்குக் கம்பி வசதி என்று ஜென்ட்ஸ் சைக்கிளைத்தான் விரும்பினார்கள். தன் உடம்புக்கும் தன் வேலைக்கும் எது ஒத்துவருகிறதோ அதுதான் பெண்கள் சைக்கிள்.

6. சீட்டை மாற்றுவதற்கு முன் பொருத்தத்தைச் சரிசெய். பாதிப் புகார் இதிலேயே தீரும்.

உயரம் அதிகமானால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும், தோல் உரியும். குதிகாலைப் பெடலின் மேல் வைத்துக் கீழே கொண்டுபோனால் முழங்கால் நேராகும் உயரத்தில் தொடங்கு.

சாய்வுக்குக் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை சீட்டின் மேல் வை. முதலில் சமமாக வைத்து ஓட்டிப் பார். பிறகு மூக்கை ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று தாழ்த்து. ஒரேயடியாகத் தாழ்த்தினால் வழுக்கி முன்னால் வந்து தோளும் மணிக்கட்டும் பாரம் தாங்கும்.

ஏரோ பார் தாழ்வாகவும் தூரமாகவும் இருந்தால் எந்த சீட்டும் வலிக்கும். தொடக்கத்தில் கை ஊன்றும் பேடை உயர்த்தி வைத்துக்கொள். வேகம் பிறகு வரட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை நோட்டில் எழுது.

7. எங்கே சோதிப்பது? எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஏரோ பாரில் குனியவே குனியாதே. அந்த நிலையில் உன் கை பிரேக்கில் இல்லை. துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் லாரியிலிருந்து யார் எப்போது இறங்குவார் என்று தெரியாது. இங்கே நிமிர்ந்து, கையைப் பிரேக்கில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதனால் நம்ம பக்கத்துப் பெண்கள் வாரம் முழுக்க நிமிர்ந்து ஓட்டி "இந்த சீட் நன்றாக இருக்கிறது" என்று முடிவுகட்டிவிட்டு, போட்டியில் 40 கிலோமீட்டர் குனிந்ததும் துடித்துப்போகிறார்கள். வீட்டுக்குள் ட்ரெய்னர் ஸ்டாண்டில் பின்சக்கரத்தை மாட்டி, குனிந்த நிலையில் 45 நிமிடம் ஓட்டிப் பார். ஸ்டாண்டில் சைக்கிள் அசையாது, நீயும் எழமாட்டாய், அதனால் குறை சீக்கிரம் வெளிப்படும்.

இன்னொன்றும் கவனி. நம் கடலோரம் முழுக்கச் சமதரை. மலைப்பாதையில் ஓட்டுகிறவள் ஏற்றம் வரும்போதெல்லாம் தானாக எழுந்து நிற்பாள், ரத்தம் ஓடும். இங்கே மேம்பாலத்தை விட்டால் எழ வேண்டிய ஏற்றமே இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நீயாக எழுந்து பத்துப் பதினைந்து மிதி போடு. 2019-இல் கோவாவில் தொடங்கிய அரை அயர்ன்மேனில் சைக்கிள் மட்டும் 90 கிலோமீட்டர். புதியவளுக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. அதற்கு இந்தப் பழக்கம் இப்போதே வேண்டும்.

8. பேட் வைத்த ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடாதே, அதன் தையல்தான் தோலை அறுக்கும். தடித்த ஷார்ட்ஸில் பழகிவிட்டுப் போட்டியன்று மெல்லிய ட்ரை சூட்டில் (டிரையத்லான் உடை) ஏறாதே. வாரத்தில் ஒரு நாளாவது ட்ரை சூட்டோடு, அதுவும் ஈரத்தோடு ஓட்டிப் பார். கடலில் நீந்தி எழுந்தால் துணியில் உப்பு காயும். நம் ஊர் வியர்வையும் சேர்ந்தால் அது மணல்தாள்தான். உரசும் இடத்தில் முன்கூட்டியே கிரீம் தடவு. வாசனைப் பவுடர் போடாதே. முடியை முழுக்க மழிப்பதும் வாக்ஸ் செய்வதும் வேண்டாம், பிரிட்டிஷ் வீராங்கனைகளுக்கு அவர்கள் மருத்துவர்கள் சொன்னதும் அதுதான். மாதவிலக்கு நாளில் நாப்கின் ஓரம் தொடையை அறுக்கும். நீச்சலும் இருப்பதால் மென்ஸ்ட்ருவல் கப் பழகிக்கொள்வது நல்லது. ஓட்டி முடித்ததும் ஈரத் துணியோடு டீ குடித்து நிற்காமல் கழுவித் துடைத்துப் பருத்தித் துணிக்கு மாறு.

9. நம் காற்றில் உப்பும் இருக்கிறது, அனல் மின்நிலையப் பக்கத்துத் தூசும் இருக்கிறது. சீட் கிளாம்ப் போல்ட்டும் உலோக சீட் போஸ்ட்டும் கிரீஸ் இல்லாவிட்டால் இறுகிப்போகும், பிறகு ஒரு டிகிரிகூட நகர்த்த முடியாது. சில மாதத்துக்கு ஒரு முறை கழற்றிக் கிரீஸ் போடு. கழற்றுமுன் சீட் போஸ்ட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றி உயரத்தைக் குறித்துவை. பழைய சீட் வாங்கினால் அடிக்கம்பியைப் பார். இரும்புக் கம்பி 7 மி.மீ. உருண்டை, கார்பன் கம்பி பெரும்பாலும் நீள்வட்டம். உன் கிளாம்ப் அதைப் பிடிக்குமா என்று கேட்டு வாங்கு.

10. மெக்கானிக் அண்ணனிடம் "ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. "முன்பக்கம் மரத்துப்போகிறது", "இடது தொடை மடிப்பில் உரசுகிறது", "பின் எலும்பு நோகிறது" என்று இடம் சொல்லிச் சொல். முதலாவதற்கு மூக்கும் சாய்வும், இரண்டாவதற்கு அகலமும் உயரமும், மூன்றாவதற்குப் பின் அகலமும் பார்க்க வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் கூட ஓட்டும் அக்காவை அழைத்துப் போ.

11. இரண்டு மூன்று நாள் ஓய்வெடுத்தும் மரப்பு போகாவிட்டால், கட்டி வந்தால், ஒரு பக்கம் வீங்கியே இருந்தால், சிறுநீர் எரிந்தால் மகளிர் மருத்துவரைப் பார். சைக்கிள் ஓட்டுவதையும் சொல். பிரசவமாகித் தையல் போட்டவள் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை சீட்டில் ஏறவே கூடாது. வீட்டில் எத்தனை பேர் போட்டித் தேதியை நினைவூட்டினாலும் சரி.

12. நல்ல டிரையத்லான் சீட் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். நம் வீடுகளில் அது சின்னத் தொகை இல்லை, ஒவ்வொருத்தியும் நாலைந்து வாங்கிச் சோதிக்க முடியாது. அதனால் கேட்டுக்கொள்கிறேன்: உனக்குச் சேராத சீட்டைப் பரணில் போடாதே. அகலம் என்ன, எத்தனை டிகிரியில் வைத்தாய், எங்கே வலித்தது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கட்டி, அடுத்துப் பழக வருகிறவளிடம் ஒரு மாதத்துக்குக் கொடு. உனக்கு ஆகாதது அவளுக்கு ஆகும்.